விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளாடு வளர்ப்பு

விழுப்புரம் மாவட்டத்தில் வெள்ளாடு வளர்ப்பு என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மயிலம், மரக்காணம் முதலிய பகுதிகளில் சிறு, குறு உழவர்களும் நிலமற்ற தொழிலாளர்களும் மேற்கொள்ளும் கால்நடைத் தொழில் ஆகும். இறைச்சிக்காகவும் எருவிற்காகவும் அவசரத் தேவைக்குப் பணமாக்கக்கூடிய சேமிப்பாகவும் இங்கு ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. பாலுக்காக வளர்ப்பது குறைவு. ஆடுகளைத் தாக்கும் கொடிய நோய்களுள் ஒன்றான ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் முதன்முதலாக இம்மாவட்டத்தைச் சேர்ந்த அரசூர் என்னும் ஊரில்தான் கண்டறியப்பட்டது. அதனால் கால்நடை மருத்துவ வரலாற்றிலும் இப்பகுதிக்கு இடம் உண்டு.

பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993 ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு இதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் மானாவாரி நிலங்களும் கலந்த பகுதி இது. நெல், கரும்பு, நிலக்கடலை, உளுந்து ஆகியவை முதன்மையான பயிர்கள். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கிறது. ஏப்ரல் முதல் சூன் வரை கடும் கோடை நிலவும். ஆட்டின் தீவனமும் நோய்களும் குட்டி ஈனும் காலமும் இந்தப் பருவச் சுழற்சியை ஒட்டியே அமைகின்றன.

2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகளும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகளும் இருந்தன.

இனங்கள்

வெள்ளாடு என்னும் பெயரில் வெண்மை இருப்பினும், இப்பகுதியில் காணப்படும் வெள்ளாடுகளுள் பல கருப்பு, பழுப்பு அல்லது கலப்பு நிறம் கொண்டவை. பெரும்பாலானவை இனம் வரையறுக்கப்படாத நாட்டு ஆடுகள். தமிழ்நாட்டிற்கு உரியனவாகப் பதிவு செய்யப்பட்ட வெள்ளாட்டு இனங்கள் பின்வருமாறு:

- கன்னி ஆடு: தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களுக்கு உரியது. கருப்பு உடலும் முகத்தில் வெண்ணிறக் கோடுகளும் கொண்டது.
- கொடி ஆடு: தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு உரியது. நீண்ட கால்களுடன் உயரமாக இருக்கும்.
- சேலம் கருப்பு: சேலம், தருமபுரி பகுதிகளுக்கு உரியது. முழுவதும் கருமை நிறம் உடையது.

கேரளத்தின் தலைச்சேரி (மலபாரி) ஆட்டுக் கிடாக்களை நாட்டுப் பெட்டைகளுடன் இனக்கலப்புச் செய்வதும் வழக்கில் உள்ளது. ஒரே கிடாவைப் பல ஆண்டுகள் மந்தையில் வைத்திருந்தால் அது தன் குட்டிகளுடனேயே இணை சேரும். இதனால் பிறக்கும் குட்டிகள் வலுவிழந்து காணப்படும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுதல் வேண்டும். 20 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதுமானது.

தீவனம்

ஆடு புல்லை மட்டும் மேயும் விலங்கு அன்று; தழைகளையும் கொழுந்துகளையும் கடித்துத் தின்பதையே பெரிதும் விரும்பும். ஏரிக்கரைகள், அறுவடை முடிந்த வயல்கள், செஞ்சிப் பகுதியின் குன்றடிப் புதர்க்காடுகள் ஆகியவை இங்குள்ள மேய்ச்சல் இடங்கள். வேம்பு, அகத்தி, சூபாபுல், கல்யாண முருங்கை ஆகியவற்றின் தழைகளும் கருவேல நெற்றுகளும் தீவனமாகின்றன. வளர்ந்த ஆடு ஒன்றிற்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் தேவைப்படும். சினை ஆட்டிற்கும் பால் தரும் ஆட்டிற்கும் இதனுடன் 200 கிராம் அளவில் அடர்தீவனமும் தாது உப்பும் தரப்படுகின்றன.

இப்பகுதிக்குச் சிறப்பான உலர்தீவனம் நிலக்கடலைக் கொடியாகும். நிலக்கடலையை இவ்வட்டார மக்கள் மணிலா அல்லது மல்லாட்டை என்று வழங்குகின்றனர். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 'டி.எம்.வி' என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் நிலக்கடலை இரகங்கள் இந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. காய் பறித்த பின் எஞ்சும் கொடியை நன்கு உலர்த்திப் போர் போட்டு வைத்தால் கோடையில் பயன்படும். நெல் வைக்கோலைக் காட்டிலும் இதில் புரதம் மிகுதி. ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொடியையும் கடலைப் பிண்ணாக்கையும் தருதல் கூடாது. பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். அதுபோலவே, வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரில் ஐதரோசயனிக் அமிலம் உருவாவதால் அதை மேய்ந்த ஆடு சிறிது நேரத்திலேயே இறக்கக்கூடும்.

கொட்டகை

கொட்டகை மேட்டு நிலத்தில், மழைநீர் தேங்காதவாறு அமைதல் வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றிற்கு 10 முதல் 12 சதுர அடியும், குட்டிக்கு 4 முதல் 5 சதுர அடியும், கிடாவிற்கு 20 சதுர அடியும் இடம் விடப்படுகிறது. கிழக்கு மேற்காக நீளவாட்டில் அமைத்தால் நேரடி வெயில் உள்ளே விழுவது குறையும். தரையிலிருந்து சில அடி உயரத்தில் இடைவெளியுள்ள சட்டங்களால் தளம் அமைத்து வளர்ப்பது பரண்மேல் ஆடு வளர்ப்பு எனப்படும். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுவதால் தளம் உலர்ந்திருக்கும். குடற்புழுத் தொல்லையும் குறையும். செலவு மிகுதி என்பது இம்முறையின் குறை.

மேட்டு நிலத்தின் தேவையை 2024 ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் உணர்த்தியது. நவம்பர் 30 அன்று கரை கடந்த அப்புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணை ஆற்று வெள்ளம் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இரவில் கட்டிவைக்கப்பட்ட ஆடுகளால் வெள்ளத்தில் தப்ப இயலாது. எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஆடுகளை மேடான இடத்திற்குக் கொண்டு செல்வதும், அது இயலாதபோது கட்டை அவிழ்த்து விடுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

சினையும் குட்டிப் பராமரிப்பும்

பெட்டை ஆடு 18 முதல் 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறப்பது வழக்கம். நல்ல பராமரிப்பில் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஈனும்.

குட்டி பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தொப்புள் கொடியைத் தூய நூலால் கட்டி வெட்டி, அயோடின் கரைசல் தடவுதல் வேண்டும். முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல் இன்றியமையாதது. ஆட்டின் கருவில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டியைச் சென்றடைவதில்லை. சீம்பால் வழியாகவே அவை கிடைக்கின்றன. நேரம் செல்லச்செல்ல அவற்றை உறிஞ்சும் திறனைக் குட்டியின் குடல் இழந்துவிடுகிறது. சீம்பாலைத் தீட்டு என்று கருதிக் கறந்து கொட்டும் பழக்கம் குட்டி இறப்பிற்குக் காரணங்களுள் ஒன்றாகும்.

ஆட்டுப் பண்ணையின் ஆதாயத்தைக் குட்டி இறப்பே தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, 10 பெட்டைகள் உள்ள மந்தையில் ஒவ்வொன்றும் ஆண்டிற்குச் சராசரியாக 1.5 முறை ஈன்று, ஈற்றிற்குச் சராசரி 1.5 குட்டி எனக் கொண்டால் ஏறத்தாழ 22 குட்டிகள் கிடைக்கும். அவற்றுள் நூற்றுக்குப் பத்து இறந்தால் 20 எஞ்சும். நூற்றுக்கு முப்பது இறந்தால் 15 மட்டுமே எஞ்சும். தீவனச் செலவும் மேய்க்கும் உழைப்பும் பெரிதும் மாறாதிருக்க, வருவாய் மட்டும் கால் பங்கு குறைந்துவிடுகிறது.

அரசூரும் ஆட்டுக்கொல்லி நோயும்

ஆட்டுக்கொல்லி நோய் தீநுண்மத்தால் (வைரசு) உண்டாவது. இத்தீநுண்மம் மாட்டின் வெக்கை நோய், மனிதரின் தட்டம்மை ஆகியவற்றை உண்டாக்கும் தீநுண்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் மனிதரைத் தாக்குவதில்லை. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகுதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடப்படாத மந்தையில் நுழைந்தால் பெரும்பாலான ஆடுகளைத் தாக்கும். குட்டிகளிடையே இறப்பு மிகுதி.

இந்நோய் 1942 ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் ஆடுகளுக்கு இத்தகைய அறிகுறிகள் தோன்றியபோது அது வெக்கை நோய் என்றே கருதப்பட்டு வந்தது. 1987 ஆம் ஆண்டு, அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அரசூரில் செம்மறியாடுகளிடையே ஒரு நோய் பரவியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து, அது வெக்கை நோய் அன்று, ஆட்டுக்கொல்லி நோயே என உறுதி செய்து 1989 ஆம் ஆண்டு வெளியிட்டனர். சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் மட்டும் அறியப்பட்டிருந்த இந்நோய், 1994 ஆம் ஆண்டு முதல் வட இந்தியாவிலும் கண்டறியப்பட்டது.

இந்த வேறுபாட்டை அறிந்தது முக்கியமானது. வெக்கை நோயை ஒழிக்கும் திட்டத்தில் அந்நோய் எங்கெங்கு எஞ்சியுள்ளது என்பதைத் துல்லியமாக அறிய வேண்டியிருந்தது. ஆட்டுக்கொல்லி நோய்க்கோ தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. வெக்கை நோய் 2011 ஆம் ஆண்டு உலக அளவில் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்ட தடுப்பூசி 'அரசூர் 87' என்னும் தீநுண்ம வகையை அடிப்படையாகக் கொண்டது. ஊரின் பெயரும் ஆண்டும் அதன் பெயரிலேயே உள்ளன. இந்தியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய 'சுங்ரி 96' மற்றொரு தடுப்பூசி வகையாகும். இந்நோயை 2030 ஆம் ஆண்டிற்குள் உலகிலிருந்து ஒழிப்பது ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, உலக விலங்கு நல அமைப்பு ஆகியவற்றின் இலக்காகும்.

பிற நோய்களும் தடுப்பும்

- ஆட்டுக்கொல்லி நோய்: மூன்று மாத வயதிற்கு மேல் தடுப்பூசி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை.
- துள்ளுமாரி நோய்: மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லையோ தானியத்தையோ மிகுதியாகத் தின்ற ஆட்டின் குடலில் பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்குவதால் வருவது. கொழுத்த குட்டிகள் துள்ளி விழுந்து இறக்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் தடுப்பூசி போடப்படுகிறது.
- கோமாரி நோய்: வாயிலும் குளம்பிலும் புண் உண்டாகும். ஆண்டிற்கு இருமுறை தடுப்பூசி.
- ஆட்டம்மை: ஆண்டிற்கு ஒருமுறை தடுப்பூசி.
- குடற்புழுக்கள்: மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் மருந்து தரப்படுகிறது. ஒரே மருந்தைத் தொடர்ந்து தந்தால் புழுக்கள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெறும். எனவே சாணத்தைப் பரிசோதித்து, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி மருந்தைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

தடுப்பூசி மருந்தைக் குளிர்நிலையில் பாதுகாத்தல் கட்டாயம். வெயிலில் வைத்த மருந்து பயன் தராது. சந்தையில் வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் இரண்டு முதல் மூன்று வாரங்கள் தனியே கட்டி வைத்துக் கண்காணித்தல் வேண்டும். நோய்த்தொற்று புதிய ஆட்டின் வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்கிறது.

சந்தையும் சமூகமும்

செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தை இம்மாவட்டத்தின் முதன்மையான ஆட்டுச் சந்தையாகும். வெளியூர் வணிகர்களும் இங்கு வந்து ஆடு வாங்குகின்றனர். தீபாவளி, பக்ரீத், ஆடி மாதத் திருவிழாக்கள் ஆகியவற்றை ஒட்டி விலை உயரும். எடைபோட்டு வாங்காமல் பார்வையாலும் கைப்பிடியாலும் மதிப்பிட்டு விலை பேசும் வழக்கம் நீடிப்பதால், உயிர் எடையை அறியாமல் விற்பவர் இழப்பிற்கு உள்ளாக நேரிடுகிறது. வீட்டிலேயே ஒரு தொங்கு தராசில் எடை பார்த்துக்கொண்டு சந்தைக்குச் செல்வது இதற்கு எளிய தீர்வாகும்.

ஆடு வாங்கப் பணமில்லாதோர் பிறருடைய ஆட்டை வாரத்திற்கு வளர்ப்பதும் உண்டு. இம்முறையில் பிறக்கும் குட்டிகளை உரிமையாளரும் வளர்ப்பவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். தமிழ்நாடு அரசு 2011 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில், ஊரகப் பகுதியின் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம், ஐந்து ஆண்டுகளில் 7 இலட்சம் குடும்பங்களுக்கு வழங்குவது இலக்காக இருந்தது. ஆடுகள் பெண்களின் பெயரிலேயே வழங்கப்பட்டன.

நிலமற்ற குடும்பத்திற்கு நான்கு ஆடுகள் என்பது பள்ளிக் கட்டணமாகவும் மருத்துவச் செலவாகவும் மாறக்கூடிய சேமிப்பு. தடுப்பூசி தவறிய ஓர் ஆண்டில் அச்சேமிப்பு ஒரு வாரத்திற்குள் அழியக்கூடும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், சிகிச்சை ஆகியவற்றிற்கு அரசு கால்நடை மருந்தகங்களை அணுகலாம். திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் உழவர்களுக்குப் பயிற்சிகளை நடத்துகிறது.