கணினிப் போர்விமானத்தில் பிராணவாயு

இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், மெஸ்ஸர்ஷ்மிட் போன்ற விமானங்களை இன்று வீட்டு மேசை முன்பு உட்கார்ந்தபடியே ஓட்டலாம். சிமுலேட்டர் எனப்படும் மென்பொருட்கள் அதற்கு வழி செய்கின்றன. இறக்கையின் மீது காற்று ஓடும் விதம், எஞ்சின் சூடேறும் வேகம், துப்பாக்கிக் குண்டு வளைந்து விழும் பாதை ஆகிய எல்லாமே அவற்றில் இயற்பியல் சமன்பாடுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் விமானத்தின் உள்ளே இருக்கும் மனிதன் எப்படி மூச்சு விடுகிறான் என்ற கேள்வியை இம்மென்பொருட்களில் பலவும் நெடுங்காலம் கேட்கவில்லை. 35,000 அடியில் எவ்வளவு நேரம் வட்டமடித்தாலும் விமானிக்கு ஒன்றும் ஆகாது.

பின்னால் வந்த சிலவற்றில் இந்நிலை மாறியது. உதாரணமாக, டி.சி.எஸ். வரிசையில் 2012-ல் வெளிவந்த பி-51டி மஸ்டாங்கின் விமானி அறையில் பிராணவாயு ரெகுலேட்டர், அதன் நெம்புகோல், அழுத்தமானி, மூச்சோட்டத்தைக் காட்டும் கருவி ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. இச்சிறு கருவிகள் எதற்காக ஏற்பட்டன, அவற்றைக் கணினிக்குள் கொண்டுவருவதில் உள்ள உண்மையான சிக்கல் எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

காற்றின் கணக்கு

மேலே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயு குறைகிறது என்று பொதுவாகச் சொல்வோம். இது பாதி உண்மைதான். தரையிலும் சரி, 40,000 அடியிலும் சரி, காற்றில் பிராணவாயுவின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். 18,000 அடியில் பாதியாகி 380 ஆகிறது. 25,000 அடியில் 282, 40,000 அடியில் 141.

இதில் நுரையீரலுக்குள் நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. நீராவியின் அழுத்தம் உடல் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகையால் எவ்வளவு உயரம் போனாலும் அது குறைவதில்லை. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் 21 விழுக்காட்டைக் கணக்கிட்டால், உள்ளே இழுக்கும் மூச்சில் பிராணவாயுவின் பங்கு அழுத்தம் கிடைக்கும். கடல் மட்டத்தில் அது 150. 18,000 அடியில் 70. 25,000 அடியில் வெறும் 49. நம் மூளை 150-க்குப் பழகியது.

முகமூடி வழியே கலப்பில்லாத பிராணவாயுவைச் சுவாசித்தால் இந்தக் கணக்கு மாறுகிறது. ஏறத்தாழ 33,000 அடி வரை கடல் மட்டத்துக்குச் சமமான மூச்சு கிடைக்கும். 40,000 அடியில் அது 94-ஆகக் குறைகிறது. முகமூடி இல்லாமல் 10,000 அடிக்குச் சற்று மேலே இருப்பதைப் போன்ற நிலை இது. அதற்கும் மேலே போகவேண்டுமானால் பிராணவாயுவை அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் செலுத்த வேண்டும், அல்லது விமானி அறையையே அழுத்தம் ஏற்றி மூட வேண்டும்.

பிராணவாயு திடீரென்று நின்றுபோனால் விமானி புத்தியோடு செயல்படக்கூடிய நேரம் எவ்வளவு? 18,000 அடியில் 20 முதல் 30 நிமிடம். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 30,000 அடியில் 1 முதல் 2 நிமிடம். 40,000 அடியில் 15 முதல் 20 வினாடி.

பலூனில் கிடைத்த பாடம்

இந்த ஆபத்து போர்விமானங்களுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. 1875 ஏப்ரல் 15 அன்று ஜெனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 26,000 அடிக்கும் மேலே சென்றார்கள். அவர்களிடம் பிராணவாயு இருந்தது. உடலியல் அறிஞர் பால் பெர், தம்முடைய அழுத்தக் குறைப்பு அறையில் அவர்களுக்கு அதன் பயனை ஏற்கெனவே காட்டியும் இருந்தார். ஆனால் கையிருப்பு குறைவு என்பதால், உண்மையிலேயே தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துவது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். அந்த அளவு போதாது என்று பெர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் காலம் தாழ்ந்தே போய்ச் சேர்ந்தது. தேவை வந்தபோது கையை உயர்த்திக் குழாயைப் பிடிக்கும் வலு யாருக்கும் இல்லை. க்ரோசே ஸ்பினெல்லி, சிவெல் இருவரும் மாண்டார்கள். பிழைத்த காஸ்தோன் திஸாந்தியே, அந்த நேரத்தில் தனக்கு எந்த வேதனையும் இல்லை, ஒருவித உள்மகிழ்ச்சியே இருந்தது என்று பதிவு செய்தார். இந்த மகிழ்ச்சிதான் நம் கட்டுரையின் மையம். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

மூன்று நாடுகள், இரண்டு வழிகள்

போர்க்காலத்தில் பிராணவாயு தரும் முறைகள் இரண்டு வகையாக வளர்ந்தன. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரில் இருந்தது இடைவிடாத ஓட்டம். ரெகுலேட்டரில் இரண்டு மானிகள் உண்டு. ஒன்று உருளையில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். மற்றது, எத்தனை ஆயிரம் அடிக்குத் தேவையான அளவு ஓடுகிறது என்று சொல்லும். உயரமானியைப் பார்த்து விமானியே அதைத் திருகிப் பொருத்த வேண்டும். எளிமையான, நம்பகமான ஏற்பாடுதான். ஆனால் மூச்சை வெளியே விடும் நேரத்திலும் வாயு ஓடி வீணாகும். சண்டையின் மும்முரத்தில் 10,000 அடி மேலே ஏறிவிட்டுத் திருக மறந்தால், மறந்ததை நினைவூட்ட எதுவும் இல்லை.

அமெரிக்க மஸ்டாங்கில் பயன்பட்டது வேறு வகை. விமானி மூச்சை இழுக்கும்போது மட்டும் வால்வு திறக்கும். உயரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் ஒரு உலோகச் சிமிழ், வெளிக்காற்றையும் பிராணவாயுவையும் தானாகவே கலந்து தரும். ஏறத்தாழ 30,000 அடியில் வெளிக்காற்று முற்றிலும் அடைபட்டுவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் இமை போலத் திறந்து மூடும் ஒரு காட்டி விமானியின் முன்னே இருக்கும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-லும் மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும் இரண்டு உதடுகளைப் போன்ற காட்டி இருந்தது. இவ்வகையில் தானியங்கி வசதி அதிகம். ஆனால் முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்தாவிட்டால் இடுக்கு வழியே வெளிக்காற்று நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அமெரிக்கர்கள் உருளைகளில் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அளவிலான குறைந்த அழுத்தத்தையே வைத்தார்கள். உருளை பெரிதாகும், எடை கூடும். ஆனாலும் குண்டு துளைத்தால் அது வெடித்துச் சிதறும் ஆபத்து குறைவு.

இம்முறைகளின் எல்லையை 1942 செப்டம்பர் 12 காட்டுகிறது. அன்று இம்மானுவல் கலிட்சின் என்ற விமானி, எடை குறைக்கப்பட்ட ஒரு ஸ்பிட்ஃபயரில் ஏறி, இங்கிலாந்தின் தென்பகுதிக்கு மேலே 43,000 அடி அளவில் ஜங்கர்ஸ் 86 ரக ஜெர்மானிய விமானம் ஒன்றைத் தாக்கினார். எதிரி விமானத்தின் அறை அழுத்தம் ஏற்றப்பட்டது. அவருடையது அப்படி அல்ல. மேலே பார்த்த கணக்கைப் போட்டால், கலப்பில்லாத பிராணவாயு இருந்தும் அவருக்குக் கிடைத்த மூச்சு, முகமூடி இல்லாமல் 16,000 அடிக்கு மேலே நிற்பவனுடையது.

நிரலாக எழுதினால்

மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் பார்த்தால், இவற்றை நிரலாக்குவது கடினமல்ல. உயரத்திலிருந்து வெளி அழுத்தம், ரெகுலேட்டரின் நிலையிலிருந்து கலவை விகிதம், இரண்டிலிருந்தும் நுரையீரலில் பங்கு அழுத்தம், அதிலிருந்து சில வினாடித் தாமதத்தோடு மூளையின் நிலை என்று நான்கு படிகள் போதும். ஒவ்வொரு மூச்சுக்கும் உருளையில் உள்ளதைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

இந்தக் கழித்தலில் ஒரு வியப்பு உண்டு. நுரையீரலின் கொள்ளளவு மாறுவதில்லை. ஆனால் உயரம் கூடக்கூட அதை நிரப்பத் தேவையான வாயுவின் நிறை குறைகிறது. கலப்பில்லாத பிராணவாயுவைச் சுவாசித்தால், 25,000 அடியில் ஒரு மூச்சுக்குச் செலவாவதில் ஐந்தில் இரண்டு பங்குதான் 40,000 அடியில் செலவாகும். அதாவது, இந்த முறையில் உயரே போனால் உருளை அதிக நேரம் வரும். உயரத்துக்கேற்பச் செலவைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு மென்பொருள், மஸ்டாங் வகை ரெகுலேட்டரைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று அர்த்தம்.

கணக்குக்கு அகப்படாதது

சிக்கல் நான்காவது படிக்குப் பின்புதான் வருகிறது. மூளையின் நிலை கெட்டுவிட்டது என்று கணினி கண்டுபிடித்தாகிவிட்டது. அதை ஓட்டுபவருக்கு எப்படித் தெரிவிப்பது? எளிதில் தோன்றும் விடை, திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டாக்குவது. ஆனால் ஓட்டுபவரின் மூளை வீட்டில் 150 மில்லிமீட்டர் பிராணவாயுவோடு சுகமாக இருக்கிறது. ஓரம் மங்கத் தொடங்கியதுமே அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு விமானத்தைக் கீழே இறக்கிவிடுவார்.

மெய்யான விமானிக்கு இந்தச் சலுகை கிடையாது. மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால் வருவது. முகமூடியில் வாயு நின்றுபோனாலும் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே திணறல் இல்லை. நிறங்கள் வெளுக்கும், பார்வை சுருங்கும். ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய அறிவும் அதே வேகத்தில் சுருங்குகிறது. மிஞ்சுவது திஸாந்தியே சொன்ன மகிழ்ச்சி. அழுத்தக் குறைப்பு அறையில் உட்கார்ந்து எழுதச் சொன்னால், கையெழுத்து கிறுக்கலாகிக்கொண்டிருக்கும்போதே நன்றாக எழுதுகிறோம் என்று நம்புவார்கள். பிராணவாயு திரும்பியதும்தான் உலகம் மங்கியிருந்ததே தெரியும்.

சரி, எச்சரிக்கையே இல்லாமல் மயங்கச் செய்யலாமா? அது உண்மைக்குச் சற்று நெருக்கம். ஆனால் ஓட்டுபவர் மென்பொருளில் பிழை என்பார். கையசைவுகளைத் தாமதப்படுத்தலாம், சில விசைகளைக் கேளாததுபோல விடலாம். எதைச் செய்தாலும் அவை வெளியிலிருந்து வரும் தடைகளே. தான் நலமாக இருப்பதாக நம்பும் கெட்ட மூளையை எந்தத் திரையும் காட்ட முடியாது. அதைக் காட்டவல்லது அந்த அழுத்தக் குறைப்பு அறை ஒன்றுதான். அங்கே விமானம் பொய், உடல் மெய். கணினியில் இது தலைகீழ்.

அப்படியானால் இந்த நெம்புகோல்களும் காட்டிகளும் கணினியில் வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். மயக்கத்தைக் கற்றுத்தர முடியாவிட்டாலும், அதற்கு முந்தைய ஒழுங்கைக் கற்றுத்தரலாம். ஏறுவதற்கு முன்பே முகமூடியைச் சரிபார்ப்பது, 10,000 அடியில் ரெகுலேட்டரைப் பார்ப்பது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை காட்டியின் இமை திறந்து மூடுகிறதா என்று கவனிப்பது. புத்தி தெளிவாக இருக்கும்போதே கண்ணுக்கும் கைக்கும் ஏற்றிவிட வேண்டிய பழக்கம் இது. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஜெனித் பலூனில் இருவர் உயிரைக் குடித்தது.

இது பழங்கதையும் அல்ல. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனப் பயணிகள் விமானத்தில் அழுத்தம் ஏறவில்லை. அழுத்தக் கட்டுப்பாட்டு விசை கைமுறை இயக்கத்தில் விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலி அடித்தது. விமானிகள் அதை வேறொரு எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். கிரேக்க மலை ஒன்றில் விமானம் மோதியது. அதில் இருந்த 121 பேரும் இறந்தார்கள். கருவி சரியாகவே சொன்னது. கேட்கவேண்டிய மூளைக்குத்தான் மூச்சு குறைந்துகொண்டிருந்தது.