2023: போடிக்கு ரயில் திரும்பிய வருஷம்

2023 ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்கு மறுபடியும் பயணிகள் ரயில் வந்தது. மீட்டர் கேஜ் வண்டி 2010 டிசம்பர் கடைசியோடு நின்றிருந்தது. நடுவில் பன்னிரண்டரை வருஷம். அதற்குள் ரயிலையே பார்க்காத ஒரு தலைமுறை போடியில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஓடைப்பட்டிக்கு ரயில் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்குக்கே கிடையாது. இங்கே விளையும் திராட்சை எப்போதும் லாரியில்தான் போகிறது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை ரொம்பப் பழசு, இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. அதனால நமக்கு ரயில் என்றால் தேனி, இல்லைன்னா போடி. அந்த 90 கிலோமீட்டர் கிளைப்பாதையின் கதை, பள்ளத்தாக்கின் கதையும்தான்.

1928-இல் மதுரையிலிருந்து இந்தப் பாதையைப் போட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயும் மற்ற விளைபொருளும்தான் குறி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிந்தும் உடனே திரும்பவில்லை, 1953-54-இல்தான் மறுபடி போட்டார்கள். பிறகு 2010-இல் அகலப்பாதைக்காக இரண்டாவது தடவையாகப் பெயர்த்தார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் என்று துண்டு துண்டாக வேலை நகர்ந்து, 2022 மே மாதம் தேனி வரை வந்தது. மிச்சமிருந்த 15 கிலோமீட்டருக்கு இன்னும் ஒரு வருஷம். ஒரே பாதையை நூறு வருஷத்துக்குள் மூன்று தடவை போட்டிருக்கிறார்கள் என்றால் பாருங்க.

ஜூன் 15-இல் இரண்டு வசதி கிடைத்தது. மதுரை–தேனி ரயில் போடி வரை நீண்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக வாரம் மூன்று நாள் எக்ஸ்பிரஸ் வந்தது. மாலை, மேளம், இன்ஜின் முன்னால் செல்ஃபி எல்லாம் நடந்தது. நியாயமான சந்தோஷம்தான். ஆனா அதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஜூன் 2 சாயங்காலம், சென்னைக்கு வந்துகொண்டிருந்த இன்னொரு ரயில் ஒடிசாவில் நொறுங்கியிருந்தது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த வருஷம் பிடிபடும்.

பாலசோர் மாவட்டம் பாஹாநாகா பஜார் நிலையத்தில் நடந்தது இது. ஷாலிமாரிலிருந்து சென்னை வரும் கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு மெயின் லைனில் பச்சை சிக்னல் விழுந்தது. வண்டி மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் வந்தது. ஆனால் பாயிண்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடம், லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. லூப் லைனில் இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. மோதித் தெறித்த பெட்டிகள் அடுத்த தண்டவாளத்தில் விழ, அந்த நேரம் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா எக்ஸ்பிரசின் கடைசிப் பெட்டிகளும் சிக்கிக்கொண்டன. செத்தவர்கள் 290-க்கும் மேல், காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

பாயிண்ட் ஒரு பக்கமும் சிக்னல் இன்னொரு பக்கமும் காட்டவே கூடாது. அப்படிக் காட்டவிடாமல் இரண்டையும் பூட்டி வைப்பதற்குத்தான் இன்டர்லாக்கிங் என்று பேர். பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருந்தால் மெயின் லைன் பச்சை எரியாது, எரியவும் முடியாது. அங்கே எரிந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்து இரண்டு காரணம் சொன்னார். முன்னொரு காலத்தில் சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் தவறு இருந்தது ஒன்று. பக்கத்து 94-ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின்சாரத் தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது ஏற்பட்ட குறை இன்னொன்று. ஒரு கேட்டைப் பழுது பார்க்கப் போனதில்தான் இவ்வளவும். ஜூலையில் மூன்று ரயில்வே ஊழியர்களை சிபிஐ கைது செய்தது.

கோரமண்டலில் முன்பதிவில்லாத பெட்டிகளில் வந்தவர்கள் பெரும்பாலும் தெற்கே கூலி வேலைக்கு வந்தவர்கள். முன்பதிவு இல்லையென்றால் பேர்ப் பட்டியலும் இல்லை. கடைசிவரை யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் புவனேஸ்வரில் தகனம் செய்தார்கள். விபத்து நடந்து நாலு மாதம் கழித்து!

இதில் என்னை ரொம்ப உறுத்துவது பிப்ரவரி மாதச் சம்பவம். பிப்ரவரி 8 அன்று கர்நாடகாவில் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரசுக்கும் இதே மாதிரிதான் ஆனது: சிக்னல் ஒன்று சொல்ல, பாயிண்ட் வேறு பக்கம் இருந்தது. அங்கே லோகோ பைலட் முன்னால் கவனித்து வண்டியை நிறுத்திவிட்டார். யாருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர், சிக்னல் அமைப்பில் பெரிய கோளாறு இருக்கிறது, உடனே சரிசெய்யணும் என்று எழுதினார். அதற்கும் முன்னால், 2022 மே மாதம், பாஹாநாகா இருக்கும் அதே கரக்பூர் கோட்டத்தில் இன்னொரு நிலையத்திலும் ஒயர் மாற்றி இணைத்த சம்பவம் பதிவாகியிருக்கிறது. தெரியாமல் நடந்த விபத்து என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது நம்ம நாட்டுக் கதை மட்டுமில்லை. அதே பிப்ரவரி 28 இரவு கிரேக்கத்தில், ஏதென்ஸிலிருந்து தெசலோனிக்கி போன பயணிகள் ரயிலும் எதிரே வந்த சரக்கு ரயிலும் ஒரே தண்டவாளத்தில் பன்னிரண்டு நிமிஷம் போல ஓடி, டெம்பி அருகே நேருக்கு நேர் மோதின. 57 பேர் போனார்கள், அதில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள். வண்டியைத் தவறான பாதையில் விட்டது லாரிசா ஸ்டேஷன் மாஸ்டர். உண்மைதான். ஆனால் அவர் தவறினாலும் தடுத்திருக்க வேண்டிய சிக்னல் அமைப்புக்கு 2014-லேயே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள், விபத்து நடந்த நாள்வரை வேலை முடியவில்லை. சனங்கள் தெருவில் இறங்கிப் போராடியது அதற்காகத்தான்.

புது ரயில்களும் அந்த வருஷம் வராமல் இல்லை. இந்தோனேசியாவில் ஜகார்த்தா–பாண்டுங் அதிவேக ரயில், நைஜீரியாவில் லாகோஸ் நகர ரயில், இங்கே செப்டம்பரில் நெல்லை–சென்னை வந்தே பாரத். இதெல்லாம் எல்லாரும் படித்ததுதான்.

ஆகஸ்ட் 26 விடிகாலை மதுரையில் நடந்தது நமக்கு இன்னும் பக்கத்து விஷயம். போடி ரயில் கிளம்புகிற அதே மதுரை சந்திப்பு. உத்தரப்பிரதேசத்திலிருந்து கோயில் யாத்திரை வந்த குழு ஒரு பெட்டியைத் தனியாக வாடகைக்கு எடுத்திருந்தது. புனலூர்–மதுரை எக்ஸ்பிரசோடு வந்த அந்தப் பெட்டியைக் கழற்றி யார்டில் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே யாரோ டீ போட கேஸ் அடுப்பைப் பற்றவைக்க, தீ பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ரயிலில் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. லக்னோவிலிருந்து மதுரை வரை, இத்தனை நாள், இத்தனை நிலையம் தாண்டி அந்த சிலிண்டர் வந்திருக்கிறது. எங்கேயாவது ஒருத்தர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தால்? அக்டோபர் 29-இல் ஆந்திராவின் கண்டகப்பள்ளி அருகே இரண்டு பயணிகள் ரயில் மோதி 14 பேர் இறந்ததும் இதே வருஷக் கணக்குதான்.

வருஷக் கடைசியில் ஒன்று மட்டும் மாறி நடந்தது. டிசம்பர் 17, தாமிரபரணிப் பக்கம் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரசை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்னால் செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் சுமார் 800 பேர். நிறுத்தியதற்காக அந்த இருட்டில் ஸ்டேஷன்காரர்களைத் திட்டியவர்களும் இருந்திருப்பார்கள். சுற்றிலும் தண்ணீர், சாப்பாடு இல்லை, ஒரு பகுதிப் பேரை மட்டும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட்டார்கள். இரண்டு ராத்திரி கழித்து, 19-ஆம் தேதி, பேரிடர் மீட்புப் படையினர் மிச்சப் பேரைத் தண்டவாளத்தின் மேலேயே நடத்தி அழைத்துப் போய், பஸ்ஸில் ஏற்றி வாஞ்சி மணியாச்சியில் சேர்த்தார்கள். அங்கிருந்து சிறப்பு ரயிலில் எல்லாரும் சென்னை போனார்கள்.