தாதியரின் அச்சமும் மருத்துவமனை விதிகளும்

தனி மனிதரின் உள்ளத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வினால் நிறுவனங்களையும் ஆராயலாம் என்று காட்டியவருள் ஒருவர் இசபெல் மென்சீஸ் லித் அம்மையார் (1917–2008). இலண்டன் டாவிஸ்டாக் கழகத்தினர். 1955இல் எலியட் ஜாக் ஊன்றிய கருத்தை இவர் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தார். 1960இல் முடிவு வெளியாயிற்று.

நோயும் சாவும் தாதியர் நெஞ்சில் எழுப்பும் அச்சத்தை அடக்கவே ஆங்குப் பல விதிகள் வளர்ந்திருந்தன. ஒரு தாதி எவரையும் முழுமையாகக் கவனிப்பதில்லை. சிறு சிறு பணிகளைப் பலருக்கும் செய்து நகர்வாள். நோயாளியைக் கட்டில் எண்ணாலும் பழுதுற்ற உறுப்பாலும் சுட்டினர். உறங்கியவரை எழுப்பி உறக்க மருந்து கொடுத்த விந்தையும் உண்டு! அச்சம் குறைந்ததா எனில், இல்லை. பயிற்சிக்கு வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடையிலேயே விலகினர். பெரும்பாலோர் தாமாகவே சென்றவர்கள்.

பின்னாளில் எலும்பு மருத்துவமனை ஒன்றின் குழந்தைப் பிரிவில், இன்ன குழந்தைக்கு இன்ன தாதி என்னும் முறை இவரது பணியால் அமைந்தது.