பந்துல வர்ணபுர: முதற்பந்தும் 25 ஆண்டுத் தடையும்

1982 பெப்ரவரி 17ஆம் திகதி கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி ஆரம்பமானது. நாணயச் சுழற்சியில் வென்றவரும், இங்கிலாந்தின் பொப் வில்லிஸ் வீசிய முதற்பந்தை எதிர்கொண்டவரும், நாட்டின் முதலாவது டெஸ்ட் ஓட்டத்தைப் பெற்றவரும் ஒருவரே. அவர் அணித்தலைவர் பந்துல வர்ணபுர. அப்போது அவருக்கு 28 வயது.

தமிழ் யூனியன் கழகத்தின் தாயகமான அம்மைதானம் முன்னர் கொழும்பு ஓவல் எனப்பட்டது. சிவில் சேவை அதிகாரியும் கிரிக்கெட் நிர்வாகியுமான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று அதனை 'பீ. சாரா' என்று அழைப்போரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

நாலந்தாக் கல்லூரியில் உருவாகி, புளூம்பீல்ட் கழகத்துக்கு ஆடியவர் வர்ணபுர. 1979 உலகக்கிண்ணத்தில் அனுர தென்னக்கோன் காயமுற்றிருந்த வேளையில், இந்தியாவை 47 ஓட்டங்களால் வீழ்த்திய அணிக்குத் தலைமை தாங்கினார். டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாடொன்று டெஸ்ட் நாடொன்றை உலகக்கிண்ணத்தில் தோற்கடித்தது அதுவே முதற்தடவை. இரண்டு ஆண்டுகளின் பின், 1981 ஜூலையில், அந்தஸ்தும் கிடைத்தது.

கன்னி டெஸ்டில் இலங்கை வெல்லும் போலிருந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 ஓட்டங்கள். எட்டு ஓட்டங்களுக்குள் மீதி ஏழு விக்கெட்டுகளும் சரிந்து, 175இல் எல்லாம் முடிந்தது. ஜோன் எம்புரி 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். வர்ணபுர பெற்ற 38 ஓட்டங்கள் அவரது டெஸ்ட் வாழ்வின் அதிகூடிய எண்ணிக்கையாகவே நின்றுவிட்டன.

ஏனெனில், செப்டெம்பரில் சென்னையில் ஆடியது அவரது நான்காவதும் இறுதியுமான டெஸ்டாயிற்று. அடுத்த மாதமே, நிறவெறி ஆட்சியின் காரணமாக உலகம் ஒதுக்கி வைத்திருந்த தென்னாபிரிக்காவுக்கு 'அரோசா ஸ்ரீலங்கா' என்ற பெயரில் ஓர் அணி புறப்பட்டது. அதன் தலைவர் வர்ணபுர. டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தும் வீரர்களுக்கு வாழ்க்கை நடத்தப் போதிய பணம் கிடைக்காத காலம் அது. தென்னாபிரிக்கர்களோ பெருந்தொகை கொடுத்தார்கள். அந்த அணி ஒரு போட்டியிலும் வெல்லவில்லை. சென்றவர்கள் அனைவருக்கும் 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அவர்கள் செய்தது தவறே என்பது என் கருத்து. தோலின் நிறத்தால் மனிதரைப் பிரித்த ஓர் அரசுக்கு, தோல் கறுத்த நம்மவர்கள் சென்று விளையாட்டு நற்சான்று வழங்கியதை வறுமையைக் காட்டி முற்றாக நியாயப்படுத்த முடியாது. ஆனால் தண்டனையின் அளவு? கிரஹம் கூச்சின் தலைமையில் அதே ஆண்டில் அங்கு சென்ற இங்கிலாந்து வீரர்களுக்குக் கிடைத்த தடை மூன்றே ஆண்டுகள். கூச் திரும்பி வந்து இங்கிலாந்தின் அணித்தலைவரானார். நம்மவர்களின் ஆட்டக்காலமோ அத்துடன் முடிந்தது. 1983 ஜூலையில் நாடே எரிந்தபோது, பதினான்கு ஆட்டக்காரரின் தலைவிதியைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

தடை முழுக்காலமும் நீடிக்கவில்லை. 1993இல் தென்னாபிரிக்க அணியே உத்தியோகபூர்வமாக இலங்கைக்கு வந்து மொறட்டுவையில் டெஸ்ட் ஆடியது. வர்ணபுரவும் மைதானத்தின் மறுபக்கத்தில் திரும்பி வந்தார். பயிற்றுநராகவும், பின்னர் தன்னைத் தண்டித்த அதே சபையின் செயற்பாட்டுப் பணிப்பாளராகவும் கடமையாற்றினார். இதனை விசித்திரமென்று சிலர் சொன்னார்கள். ஆட்டத்தின் உள்ளும் புறமும் அறிந்தவரைச் சபை பயன்படுத்திக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

அதன்பின் ஆசிய கிரிக்கெட் பேரவையின் அபிவிருத்தி அதிகாரி. டெஸ்ட் வாசலுக்கு வெளியே நின்ற ஆசிய நாடுகளுக்கு ஆட்டத்தைக் கற்பிக்கும் பணி. 1979இல் அதே வாசலில் நின்றவருக்கு அந்த வேலையை யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

நீரிழிவால் ஒரு காலை இழந்த நிலையில், 2021 ஒக்டோபர் 18இல், தனது 68ஆவது வயதில் கொழும்பில் அவர் காலமானார். வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் முதற்பந்தில் தொடங்கின. தென்னாபிரிக்கா சில வரிகளில் வந்துபோனது. நிர்வாகத்தில் கழிந்த ஆண்டுகளுக்குக் கிடைத்த இடம் அதனிலும் குறைவு.