போர்ட்லாண்டு முனையும் பாய்ப்படகு மார்க்கங்களும்

போர்ட்லாண்டு முனை: இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பிரதேசத்தை ஒட்டி, ஏறத்தாழ 4 மைல் நீளத்திற்கு ஆங்கிலக் கால்வாயினுள் நீண்டிருக்கும் சுண்ணாம்புக்கல் தீவின் தென்கோடி. இலண்டன் புனித பால் தேவாலயத்தை எழுப்பக் கல் தந்த இத்தீவைச் செசில் என்னும் நெடிய கூழாங்கல் மேடு பெருநிலத்தோடு பிணைக்கிறது. 1716-ஆம் ஆண்டு முதல் இங்கு விளக்குகள் எரிந்து வருகின்றன. இன்றுள்ள 41 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் 1906-இல் எழுந்தது.

கால்வாயின் பெரிய ஓத நீரோட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாறுகிறது. ஆயின் தீவின் இருபுறத்து விரிகுடாக்களிலும் பெருஞ்சுழல்கள் உண்டாவதால், அதன் இரு பக்கங்களிலும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது, பத்து மணி நேரம் வரை நீர் தெற்கு நோக்கியே பாய்கிறது. இவ்வாறு இறங்கி வரும் நீர் முனைக்கப்பால் குறுக்கே செல்லும் பெரும்பிரவாகத்தோடு மோத, கடலடியில் தெற்கே நீண்டு கிடக்கும் பாறைத்திட்டு அதன் வேகத்தை மேலே கிளப்பிவிட, 'போர்ட்லாண்டு ரேஸ்' என்று மாலுமிகள் அஞ்சும் கொந்தளிப்பு பிறக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரின் வேகம் மணிக்கு 7 கடல் மைல் வரை எட்டும். ஐந்தாறு கடல் மைல் வேகமே உள்ள சிறு பாய்ப்படகு அதனை எதிர்த்து நிற்க இயலாது. கொந்தளிப்பும் ஓரிடத்தில் நிலைப்பதில்லை: ஓட்டம் கிழக்கே செல்லும்போது முனையின் தென்கிழக்கிலும், மேற்கே செல்லும்போது தென்மேற்கிலும் அது காணப்படும்.

கிழக்கே ஷாம்பிள்ஸ் மணல்திட்டு வேறோர் அபாயம். வங்காளத்தையும் சீனத்தையும் நோக்கிப் புறப்பட்ட 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி' என்ற கப்பல் 1805 பிப்ரவரி 5-இல் அதில் மோதி, பின்னர் வேமத் விரிகுடாவில் அமிழ்ந்தது. கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தின் தம்பியாகிய கப்பல்தலைவர் ஜானும் 250-க்கு மேற்பட்டோரும் மாண்டனர்.

முனையைக் கடக்க இரண்டு மார்க்கங்கள் உண்டு. வெளிமார்க்கம் முனைக்குத் தெற்கே குறைந்தது 3 மைல், சீற்றமான பருவத்தில் 5 மைல் விலகிச் செல்வது; தூரம் கூடினாலும் அது நம்பகமானது. உள்மார்க்கமோ கரைக்கும் கொந்தளிப்புக்கும் இடையே அரை மைலுக்கு மேல் அகலமில்லாத அமைதி நீர்; அதில் படகு பாறையிலிருந்து 200 முதல் 500 மீட்டருக்குள் செல்ல வேண்டும். உள்மார்க்கத்தில் முனையைக் கடப்பதைத் தீர்மானிப்பது இடத்தைவிடக் காலமே என்பது எமது துணிபு. மேற்கு நோக்குவோர் டோவர் துறைமுகத்தின் உச்ச ஓதத்திற்கு அரைமணி முன்பு தொடங்கி இரண்டரை மணி பின்பு வரையிலும், கிழக்கு நோக்குவோர் அவ்வோதத்திற்கு நாலரை மணி பின்பு தொடங்கி அடுத்ததற்கு ஐந்து மணி முன்பு வரையிலும் முனையை அடைவது முறை. எத்திசையினரும் முனைக்கு இரண்டு மைல் வடக்கிலேயே கரையை அணைந்து, தெற்கோடும் நீரின் துணையோடு இறங்க வேண்டும். நேரே முனையைக் குறிவைத்து வருவோரை அந்நீரே கொந்தளிப்பினுள் தள்ளிவிடும்.

உள்மார்க்கத்தில் கண்ணுக்குத் தப்பும் இடர் சிங்கி இறால் கூடுகளின் மிதவைகளாகும். விரைந்த ஓட்டத்தில் அவை நீருக்குள் இழுபட்டு மறைய, கயிறு சுக்கானிலோ விசிறியிலோ சிக்கினால் படகு அங்கேயே கட்டுண்டுவிடும். ஆதலின் இரவில் இவ்வழி தகாது; ஓட்டத்திற்கு எதிராகப் பலத்த காற்று வீசும்போதும் தகாது.

மேற்கே செல்வோர்க்கு வேமத், போர்ட்லாண்டு துறைமுகங்கள் அருகிலேயே உள்ளமையால், உரிய வேளை வரை அங்குக் காத்திருத்தல் எளிது. லைம் விரிகுடாவைக் கடந்து கிழக்கே வருவோர்க்கோ அவ்வசதி இல்லை. டார்ட்மத்திலிருந்து சுமார் 40 கடல் மைல் கடந்தே முனையை எட்டவேண்டியிருத்தலின், காற்று தளர்ந்து வேளை தவறியவர்கள் உள்மார்க்கத்தின் ஆசையை விடுத்து, வெளியே விலகிச் செல்வதே தக்கது.