காட்டுயிர் ஒளிப்படப் பொழுதுபோக்கு: மா. கிருஷ்ணன் முதல் மாஞ்சோலை வரை

மா. கிருஷ்ணன் (30 ஜூன் 1912 – 18 பிப்ரவரி 1996) திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஓவியர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர். தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்றான ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் இளையவர். மாதவையாவின் சொந்த ஊரான பெருங்குளமும் திருநெல்வேலிப் பக்கமே. உப்பு, சுங்க இலாகாவில் பணியாற்றிய தந்தை 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் அவையில் தமிழுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13.

குடும்பம் குடியேறிய மயிலாப்பூர் அந்நாளில் தோப்பும் துரவும் நிறைந்த இடம். சிறுவனான கிருஷ்ணன் அணில், கீரி, பறவைகளுடன் வளர்ந்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியலும், பின்னர் சட்டமும் படித்தார். தென்னிந்திய மலைகளின் செடிகொடிகளைத் தொகுத்த பேராசிரியர் பைசன் அக்கல்லூரியில் அவருக்கு வழிகாட்டினார். செடியைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு யானை எதைத் தின்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதும் எளிதில் விளங்கும். கிருஷ்ணனின் படங்களில் விலங்கைச் சுற்றியுள்ள புதரும் மரமும் வெறும் பின்னணியாக இல்லாததற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம் எனலாம்.

1942இல் இன்றைய கர்நாடகத்தின் பல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின் வேறு உத்தியோகம் தேடாமல் எழுத்தையும் படத்தையும் நம்பிச் சென்னை திரும்பினார். 1950இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ என்னும் பத்தியை இறக்கும் வரை, 46 ஆண்டுகள், எழுதினார். இந்தியப் பத்திரிகை உலகில் இவ்வளவு காலம் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர்கள் அரிது. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்துள்ளார். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்றொரு துப்பறியும் நாவலும் கிருஷ்ணனுடையதே என்பது பலரும் அறியாத செய்தி.

ஒட்டுப் போட்ட கேமரா

கிருஷ்ணன் ஒளிப்படக் கலையை எந்தப் பள்ளியிலும் கற்றவர் அல்லர். அவருடைய கருவியும் கடையில் ஒரே பெட்டியாக வாங்கியது அன்று. கேமராவின் உடல் ஒரு கம்பெனி, தொலைநோக்கு லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற உறுப்புகளையும் தேடிச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்டார். இந்தக் கதம்பத்துக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. ‘பாண்டரஸ்’ என்றால் கனத்தது என்று பொருள். நண்பரும் காட்டுயிர் ஆர்வலருமான ஈ. பி. ஜீ, அதைக் கட்டி நிறுத்தியிருப்பது கம்பியோ கயிறோ என்று கேலி செய்துவிட்டு, அதைக் கொண்டு இவ்வளவு நல்ல யானைப் படங்கள் எடுத்ததே பெருமை என்றும் எழுதினார்.

கேலிக்கு அப்பால் இதில் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அக்கால ஃபிலிம்களின் ஒளி உணர்திறன் குறைவு. காட்டின் நிழலில் போதிய வெளிச்சம் கிடைக்க ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் விலங்கு தலையைத் திருப்பினால் படம் கலங்கிவிடும். சிறிய நெகட்டிவைப் பெரிதாக அச்சிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் யானைத் தோலின் சுருக்கம் வரை அச்சில் துலங்கும். ஆனால் பெரிய நெகட்டிவ் என்றால் பெரிய கேமரா, அதற்கேற்ற சுமை. ஒரு சுருளில் கிடைக்கும் படங்களும் சில மட்டுமே. இன்றைக்கு விரலை அழுத்திய ஒரு நொடியில் இருபது படம் விழும் கைக்கருவியோடு இதை ஒப்பிட்டால், அன்றைய பொழுதுபோக்காளர் ஒவ்வொரு முறையும் ஏன் அவ்வளவு யோசித்தார் என்பது புரியும்.

அவர் கடைசி வரை கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். முதுமலை, பந்திப்பூர், பெரியாறு எனத் தென்னகக் காடுகளில் நடந்தும், கும்கி யானை மேலேறியும் சென்றார். 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்ததும், தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய சூழலியல் அளவாய்வை மேற்கொண்டார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்து, 1975இல் நூலாயிற்று. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். பொழுதுபோக்காகத் தொடங்கிய படங்கள் இவ்வாறு ஆய்வுச் சான்றுகளாக மாறின.

தமிழில் ‘படம் பிடிப்பது’ என்கிறோம். மீன் பிடிப்பது போல. ஆங்கிலத்திலோ துப்பாக்கிக்கும் கேமராவுக்கும் ஒரே வினைச்சொல்தான். அதற்கு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. இத்துறையின் முன்னோடிகளில் பலர் முதலில் வேட்டைக்காரர்கள். அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் துப்பாக்கியை வைத்துவிட்டு இரவில் படகிலிருந்து மான்களைப் படம் எடுத்தார்; 1906இல் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. இந்தியாவில் ஐக்கிய மாகாண வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், காட்டுத் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, புலி தானே மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அந்தப் படங்களுடன் அவர் நூல் 1927இல் வெளிவந்தது.

கிருஷ்ணனைக் கேலி செய்த ஜீயோ அசாமில் தேயிலைத் தோட்ட அதிகாரி. காடும் தோட்டமும் ஒட்டியிருக்க, ஓய்வு நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். பூட்டான் எல்லையில் பொன்னிறக் குரங்கு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு 1953இல் தேடிச் சென்று படம் பிடித்தார். அறிவியல் அதைப் புதிய இனமாக ஏற்றபோது அவருடைய பெயரையே சூட்டியது.

மலைத் தோட்டமும் சோலைக்காடும்

தேயிலையும் காடும் அவ்வாறு ஒட்டியிருக்கும் இடம் திருநெல்வேலிச் சீமையிலும் உண்டு. மணிமுத்தாறு அணையிலிருந்து அருவியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் மாஞ்சோலை. அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான இம்மலையில் ஏறத்தாழ 8,370 ஏக்கர், 1929இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டது. தேயிலைப் பச்சை முடியும் வரப்பிலேயே சோலைக்காடு தொடங்குகிறது. முண்டந்துறை 1962இலும், களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின. இரண்டும் இணைந்து 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவானது.

களக்காட்டுச் சரணாலயம் சிங்கவால் குரங்கை முன்னிட்டு அமைந்தது. 1973 முதல் 1975 வரை ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி ஆகியோர் இம்மலைகளில் அக்குரங்கை ஆராய்ந்து, அதற்குத் துண்டுபடாத பெருங்காடு வேண்டும் என்பதை எடுத்துரைத்தனர். படம் பிடிப்பவருக்கு இதைவிடச் சோதனையான விலங்கு வேறு இல்லை. உடல் கரிய நிறம். முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. இருப்பதோ வெடிப்பலா மரங்களின் உச்சியில். கீழிருந்து பார்த்தால் பின்னால் வெளுத்த வானம். கேமரா வானத்தின் ஒளியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் குரங்கு வெறும் கரிய நிழலாகிவிடும். குரங்கின் முகம் தெரிய ஒளியைக் கூட்டினால் வானம் வெந்து போகும். இரு பருவமழையும் பெய்கிற இந்த மலையில் மூடுபனியும் அட்டைக்கடியும் போதாதென்று, ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சையும் படரும்.

சாம்பியனின் கம்பி முறை இம்மலைக்கும் வந்து சேர்ந்தது. 1990களில் திவ்யா முடப்பா தானியங்கிக் கேமராக்களை இக்காப்பகத்தின் மழைக்காட்டில் வைத்து, பழுப்பு மரநாய் முதலிய சிறு ஊனுண்ணிகளைப் பதிவு செய்தார்; அந்த ஆய்வு 1998இல் வெளியானது. இன்று புலிகளின் வரிகளைப் படத்தில் ஒப்பிட்டே எண்ணிக்கை எடுக்கப்படுகிறது.

மலைக்குக் கீழேயும் பொழுதுபோக்காளர்களுக்கு வேலை உண்டு. 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்களால் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே பிள்ளைகளோடு போகிற ஒரு குடும்பம், பெரிய லென்ஸ் இல்லாமலேயே நல்ல படம் எடுத்து வரலாம். அதே நாங்குநேரியில் 1945இல் பிறந்த அ. ஜா. தி. ஜான்சிங், பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்து நாடறிந்த காட்டுயிர் அறிஞரானார்.

குடும்ப உலா

திருநெல்வேலிக்காரர்களுக்குக் காடு என்பது பெரும்பாலும் குடும்பத்தோடு போகிற இடம். பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, சீசனில் குற்றாலம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடாரம் அடித்துத் தங்கும் கூட்டம் பெரிது. புளியோதரைப் பொட்டலமும் துண்டும் எடுத்துக்கொண்டு போகிற இந்தப் பயணங்களில் கேமராவும் எப்போதோ சேர்ந்துகொண்டது. அருவியின் முன் வரிசையாக நிற்கும் குடும்பம், அதன் ஓரத்தில் தேங்காய்ச் சில்லைப் பறிக்கக் காத்திருக்கும் நாட்டுக் குரங்கு: இந்தப் படம் இப்பகுதியின் எத்தனையோ ஆல்பங்களில் இருக்கக்கூடியது. இரண்டுக்கும் இடையிலான உறவு நல்லதல்ல. தீனி போட்டுப் பழக்கிய குரங்கு காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலையோரத்துக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, மனிதரைக் கடிக்கிறது. படத்துக்காக ஒரு வாழைப்பழம் நீட்டுவதும் தீனி போடுவதுதான்.

கூட்டில் இருக்கும் குஞ்சைப் படம் எடுப்பது இன்னும் கேடானது. இடைஞ்சலாக இருக்கும் கிளையை ஒடித்தாலோ வளைத்துக் கட்டினாலோ வெயிலும் காக்கையும் கூட்டைக் கண்டுவிடும். செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு ஆண் பறவையைச் சண்டைக்கு வரவழைப்பது இன்றைய வழக்கம். இதில் அது இரை தேடும் நேரமும் வலிமையும் வீணாகின்றன. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரத்தக்க நோக்கங்களுள் ஒளிப்படம் எடுப்பதையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சலுகை கேமராவை நம்பிக் கொடுக்கப்பட்டது. மாஞ்சோலைக்குச் செல்லவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோர் பலர். ஆனால் நாலு சக்கர வண்டிகள் தடையின்றி ஏறினால் அங்கே படம் எடுக்க என்ன மிஞ்சும் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

எனினும் மாஞ்சோலையில் உலா வந்தவர்கள் மட்டும் இருக்கவில்லை. சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏறிச் சென்ற தொழிலாளர்கள் லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று, இத்தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணி மீது காவல்துறை தடியடி நடத்தியதில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். அன்று எடுக்கப்பட்ட காட்சிகளைக் கொண்டு ஆர். ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படத்தை உருவாக்கினார். குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024இல் நிறுவனம் தோட்ட வேலையை நிறுத்தியது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்க வேண்டிய நிலை வந்தது. வழக்குகள் எழுந்தன. தோட்டம் மீண்டும் காடாக வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. பிறந்த இடத்தை இழப்பவர்களின் துயரிலும் நியாயம் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

கிருஷ்ணனின் படங்கள் அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2006இல், பெரிய அளவில் தொகுக்கப்பட்டன. ஒளிப்படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் அத்தொகுப்பில் பங்கேற்றார். மாஞ்சோலைக் குடும்பங்களிடம் உள்ள படங்களுக்கும் அத்தகைய தொகுப்பு தேவை. திருமணம், பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை, தேயிலைச் சரிவில் நிற்கும் பிள்ளைகள் என்று எடுக்கப்பட்ட சாதாரணப் படங்களே, எங்கே வீடு இருந்தது, எங்கே காடு தொடங்கியது என்று நாளை காட்டக்கூடியவை. இதில் காலமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகளால் ஆனது. நன்றாகக் கழுவி அச்சிட்டிருந்தால் நூறாண்டு தாங்கும். 1980களுக்குப் பின் வீடுகளில் பெருகிய வண்ணப் படங்களோ சாயத்தால் ஆனவை. ஈரத்திலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் வெளுத்து, முதலில் செம்மை பூத்து, பின் முகமே மங்கிவிடும்.