கடலடிச் சேறும் கணிதக் கட்டமும்: பிளயோசீன் சீதோஷ்ணத்தை மீட்டெடுத்த வரலாறு

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பூதலிங்கசுவாமியின் கருவறை குடையப்பட்டிருக்கும் பாறையும், மல்லாந்து கிடக்கும் அரக்கியின் உருவமென்று ஊரார் சுட்டிக்காட்டும் தாடகை மலையும், பூகர்ப்ப சாஸ்திரிகளின் கணக்கில் 50 கோடி வருஷங்களுக்கு முன்பே வெந்து இறுகியவை. அவற்றின் அடிவாரத்து வயல்களில் கிடக்கும் வண்டலோ, பழையாறு நேற்றுக் கொண்டுவந்து போட்டதென்று சொல்லத்தக்க அளவுக்குப் புதியது. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த யுகங்களில், 53.3 லக்ஷம் வருஷங்களுக்கு முன் தொடங்கி 25.8 லக்ஷம் வருஷங்களுக்கு முன் முடிந்த பிளயோசீன் யுகமும் ஒன்று. ஆயினும் அதன் படிவு என்று காட்டத்தக்கது எதுவும் இவ்வூரில் இல்லை. மேட்டு நிலம் தன் சரித்திரத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை. மழை அரித்ததையெல்லாம் ஆற்றிடம் கொடுத்து, மணக்குடிக் காயல் வழியாகக் கடலுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே இம்மண்ணின் பழைய மழையைப் பற்றி விசாரிக்க விரும்புவோர், மலையைவிட்டுக் கடலடிக்குச் செல்வதே முறை. அவ்வாறு செல்ல வேண்டுமென்பது அறிஞருலகத்துக்குப் புலப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

1833-இல் சார்லஸ் லயல் இந்த யுகத்துக்குப் பெயரிட்டபோது சீதோஷ்ணத்தைப் பற்றி அவர் நினைக்கவில்லை. ஒரு படிவில் கிடைக்கும் சிப்பிகளில் எத்தனை பங்கு இன்றும் உயிரோடிருக்கும் இனங்களைச் சேர்ந்தவை என்று எண்ணி, அந்த விகிதத்தைக் கொண்டே யுகங்களை அவர் வகுத்தார். சிப்பி ஏராளமாய்க் கிடைக்கும் இத்தாலிக்குப் பொருந்திய இவ்வளவுகோல், திருவிதாங்கூருக்கு வந்தபோது தடுமாறியது. 1882-இல் வில்லியம் கிங் வர்க்கலைக் குன்றுகளின் மணற்கல்லையும் களிமண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் விவரித்தார். மறு வருஷமே, பல்லாவரத்துக் கற்கோடரியால் புகழ்பெற்ற ராபர்ட் புரூஸ் புட் தென் திருவிதாங்கூரின் பூகர்ப்பத்தைப் பற்றி எழுதினார். வர்க்கலைப் படிவுகளில் காலத்தை நிச்சயிக்கும் கடற்சிப்பிகள் கிடைக்காமையால், அவை மயோசீனைச் சேர்ந்தவையா பிளயோசீனைச் சேர்ந்தவையா என்ற வழக்கு நீண்டுகொண்டே போயிற்று. கடலூர் மணற்கல்லின் கதியும் அதுவே. ‘மயோ-பிளயோசீன்’ என்று இரண்டையும் இணைத்துப் பாடநூல்கள் எழுதிய பெயரை, சாஸ்திர நிதானம் என்று சிலர் போற்றுவர்; தீர்ப்புக் கூறாத நீதிபதியின் கையெழுத்து என்றே எனக்குப் படுகிறது.

வழக்கைக் கடலடிச் சேறு வேறு திசைக்குத் திருப்பியது. கடலின் மேல்நீரில் வாழும் துளையுடலிகள் என்னும் நுண்ணுயிர்கள், மணலிற் சிறிய சுண்ணாம்பு ஓடுகளைக் கட்டிக்கொண்டு, இறந்தபின் அடியில் படிகின்றன. நடுக்கடலில் ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் என்ற மெதுவான கதியில் அந்தப் படிவு உயர்கிறது. ஓடு உருவான காலத்து நீரின் வெப்பத்துக்கேற்ப அதிலுள்ள ஆக்ஸிஜனின் கன வகையும் லேசு வகையும் விகிதம் மாறுமென்று 1947-இல் ஹெரால்டு யூரே கணித்துக் காட்ட, 1955-இல் செசாரே எமிலியானி அவ்விதியைக் கடலடிச் சேற்றில் பிரயோகித்தார். ஆனால் ஒரே எண்ணுக்குள் நீரின் வெப்பமும் துருவப் பனியின் அளவும் கலந்தே வருவதால், வெப்பத்தை மட்டும் பிரித்தறிய, ஓட்டிலுள்ள மக்னீசியத்தையும் கடற்பாசிகள் விட்டுச்சென்ற கொழுப்பு மூலக்கூறுகளையும் பிற்காலத்தார் துணைச் சாக்ஷிகளாக அழைக்க நேர்ந்தது. 2005-இல் லிசியெக்கியும் ரேமோவும் உலகெங்குமுள்ள 57 கடலடித் துளைகளின் பதிவுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, 53 லக்ஷம் வருஷங்களுக்கு ஒரே பஞ்சாங்கத்தை அமைத்தார்கள்.

நம் பக்கத்துக் கடலும் இச்சரித்திரத்தில் பங்கு கொண்டது. 1987-இல் ஓமான் கரைக்கு அப்பால் துளையிட்ட கப்பல், குளோபிஜெரினா புல்லாயிடெஸ் என்னும் துளையுடலியின் ஓடுகளை ஏராளமாய்க் கொண்டுவந்தது. தென்மேற்குக் காற்று கடுமையாய் வீசி, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை மேலே இழுக்கும் இடத்தில் செழிக்கும் உயிர் அது. அதே காற்றுதான் அரபிக்கடலைக் கடந்து வந்து, நாஞ்சில் நாட்டில் இடவப்பாதியாய்ப் பெய்து, கன்னிப்பூ நெல்லை வளர்க்கிறது. இவ்வோடுகளின் பெருக்கத்தைக் கொண்டு, அக்காற்று 80 லக்ஷம் வருஷங்களுக்கும் முன்பே வலுப்பெற்றதென்றும், எனவே பிளயோசீனில் அது ஏற்கனவே வீசிக்கொண்டிருந்ததென்றும் அனுமானித்தார்கள். அனுமானம் நல்லதே, எனினும் அது காற்றின் சாக்ஷியமேயன்றி மழையின் சாக்ஷியமன்று. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று, ஆளைத் தள்ளும் காற்றையும் சொட்டு மழையில்லாத வானத்தையும் ஒருசேரக் கண்டவனுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டுவதில்லை. 2015-இல் தனஞ்சய் பாண்டே, பீட்டர் கிளிஃப்ட் இருவரின் தலைமையில் கிழக்கு அரபிக்கடலின் லக்ஷ்மி படுகையில் துளையிட்டபோது, சிந்து நதியின் வண்டலோடு தக்ஷிணத்து மேற்கு மலைகள் தந்த மண்ணும் சேர்ந்து கிடைத்ததனால், காற்றை விட்டு நிலத்தின் அரிப்பையே கேள்வி கேட்க வழி பிறந்தது.

சேற்றிலிருந்து எண்களைத் திரட்டுவது ஒரு வேலை; அவ்வெண்களைக் கொண்டு ஓர் உலகத்தைக் கணிதத்தில் இயக்கிப் பார்ப்பது வேறொரு வேலை. 1980-களின் இறுதியில் அமெரிக்க பூகர்ப்ப ஆய்வுத் துறையின் ஹாரி டௌசெட் முதலியோர் ‘பிரிசம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 33 முதல் 30 லக்ஷம் வருஷங்களுக்கு முந்திய உஷ்ண காலத்துக் கடல் வெப்பத்தையும் தாவரத்தையும் பனியையும் வரைபடமாக்கினர். அதை எல்லை நிபந்தனையாக வைத்து, 1994-இல் சாண்ட்லரும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் வாயுமண்டல மாதிரியை ஓட்டினார்கள். அன்று கடலின் வெப்பம் கைகொண்டு வைக்கப்பட்டதேயன்றி மாதிரி தானே கண்டதன்று. கடலும் காற்றும் சேர்ந்தோடும் மாதிரிகள் பின்னரே வந்தன. 2008-இல் ஆலன் ஹேவுட் முதலியோர் தொடங்கிய ‘பிளியோமிப்’ என்ற ஒப்பீட்டில், பல நாட்டு மாதிரிகள் ஒரே நிபந்தனையில் சோதிக்கப்பட்டன.

முதற் சுற்றில் ஒரு சங்கடம் இருந்தது. ஏறத்தாழ 2.4 லக்ஷம் வருஷத்து உஷ்ணங்களைக் கலந்து ஒரே காலமாக்கியிருந்தார்கள். பாண்டியர் காலத்து மழையையும் நாயக்கர் காலத்து மழையையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதை ஒரே வருஷத்து மழை என்று சொல்வது போன்றது அது. ஆகையால் இரண்டாம் சுற்றில், பூமியின் சுற்றுப்பாதை இன்றையதை ஒத்திருந்த ஒரு தருணத்தை, அதாவது 32.05 லக்ஷம் வருஷங்களுக்கு முந்திய பொழுதை, தேர்ந்துகொண்டார்கள். மாதிரிகளுக்கு வைத்த நிபந்தனைகள் இவை: கரியமிலவாயு பத்து லக்ஷத்தில் 400 பங்கு. கிரீன்லாந்துப் பனி மிகச் சுருங்கியது. பேரிங் ஜலசந்தி மூடியது. 2020-இல் வெளியான முடிவுப்படி, பதினாறு மாதிரிகளில் உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.7 முதல் 5.2 டிகிரி வரை உயர்ந்தது. அவற்றின் சராசரி 3.2. மழை 7 சதவீதம் அதிகம். தென்னாசியக் கோடை மழையும் பெரும்பாலான மாதிரிகளில் வலுத்தது.

அந்த மழை பூதப்பாண்டியில் எவ்வளவு பெய்தது என்று கேட்டால், விடை, மாதிரி பூமியைப் பகுத்துக்கொள்ளும் கட்டத்தில் சிக்கிக்கொள்கிறது. இத்துறையில் நெடுங்காலம் உழைத்த பிரிட்டிஷ் மாதிரியொன்றின் வாயுமண்டலக் கட்டம் 3.75 டிகிரி நீளமும் 2.5 டிகிரி அகலமும் உடையது; நம் அக்ஷாம்சத்தில் அது சுமார் 410 கிலோமீட்டருக்கு 280 கிலோமீட்டர். திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். இடையிலுள்ள மலைத்தொடர், மேடென்று சொல்லவும் கூசும் ஒரு சராசரி உயரமாகத் தேய்ந்துபோகும். ஆனால் பூதப்பாண்டிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டரில் மழையின் குணம் மாறிவிடுகிறது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆக இரண்டு மழை வந்து, கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவது அந்த மலையின் தயவால்தான். நுண்ணிய கட்டங்கள் கொண்ட மாதிரிகள் இன்று உண்டென்றாலும், பிளயோசீனின் கடல் தன் நிலைக்கு வந்து அமைய ஆயிரக்கணக்கான வருஷங்களை ஓட்டவேண்டியிருப்பதால், அவற்றின் செலவு தாங்கக்கூடியதாயில்லை.

மலையும் சமவெளியும் ஒன்றல்ல என்பது அளப்போருக்குப் புதிய செய்தியன்று. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்துக்கு 1852-இல் அதிபராய் வந்த ஜான் ஆலன் பிரவுன், நகரத்து அளவை மட்டும் போதாதென்று கண்டு, 1855-இல் 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர் மலையின்மேல் யானையும் அட்டையும் திரியும் காட்டைக் கடந்து இன்னொரு நிலையத்தை அமைத்தார். நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குட்பட்ட அவ்விரு நிலையங்களும், மேற்சொன்ன மாதிரியில் ஒரே எண்.